கூட்டமுள்ள கடற்கரையில் கைட்: குளிப்பவர்களுக்கு இடம் விடுவது

குளிப்பவருக்குக் கடலில் வேண்டிய இடம் கொஞ்சம்தான். கைகால்களை வீசி நீந்தும் அளவுக்கு நீர் இருந்தால் போதும். கைட் ஓட்டுபவருக்கு, அதாவது காற்றாடி இழுக்கப் பலகையில் நின்று நீரில் சறுக்குபவருக்கு, வேண்டிய இடம் அவர் நிற்கும் போர்டைவிடப் பல மடங்கு பெரியது. அதில் பெரும்பகுதி அவருடைய தலைக்கு மேலே இருக்கிறது. கைட்டை அவரோடு இணைக்கும் லைன்கள் வழக்கமாக 20 முதல் 24 மீட்டர் நீளம். கையில் பிடித்திருக்கும் பாரையும் கைட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், காற்று போகும் பக்கமாக ஏறத்தாழ 25 மீட்டர் ஆரமுள்ள அரைவட்டம் ஒன்று அவரோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும். அதற்குள் கைட் எந்த இடத்திலும் விழலாம். விழும்போது நாலு லைன்களும் விறைத்த நிலையில் நீரையோ மணலையோ வாரிக்கொண்டு போகும். ஒரு லைனின் தடிமன் 2 மில்லிமீட்டரைத் தொடாது. ஆனால் 200 கிலோவுக்கு மேல் இழுவை தாங்கும். தோலில் உரசினால் கத்திதான்.

கரையில் இருப்பவர்களுக்கு இந்த அரைவட்டம் கண்ணில் படாது. வண்ணத்துணி மேலே பறப்பதும், ஒருவர் தொலைவில் சறுக்கிப் போவதும்தான் தெரியும். நடுவில் இருக்கும் லைன்கள் வெயிலில் மறைந்துவிடும். ஆகவே இடம் விட வேண்டிய பொறுப்பு முழுக்க ஓட்டுபவருடையது. பொறுப்பைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

தமிழர்களில் பலர் கைட் பழகுவது ராமேசுவரம் பக்கத்திலோ இலங்கையின் கற்பிட்டியிலோதான். வாடைக் காற்றிலும் தென்மேற்குக் காற்றிலும் அந்த ஆழமற்ற கடற்பரப்புகள் பழகுவதற்கு அருமையான இடங்கள். ஆனால் அங்கே இரண்டு பழக்கங்கள் நம்மை அறியாமல் ஒட்டிக்கொள்ளும். முதலாவது, கைட் விழுந்தால் விழட்டும் என்ற நிம்மதி. இரண்டாவது, காற்று தள்ளிக்கொண்டு போகும் திசையில் எவ்வளவு தூரம் போனாலும் நடந்து திரும்பிவிடலாம் என்ற எண்ணம். வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு போய், அங்குள்ள நகரக் கடற்கரையில் முதல் முறையாகக் கைட்டை விரிக்கும்போது இந்த இரண்டும் ஆளைக் கவிழ்த்துவிடும். காற்று போகும் பக்கம் அங்கே காலியாக இருக்காது. குழந்தைகள் மணல்வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள்.

எங்கும் பொருந்தும்படி பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் மனதில் நிற்காது. மெல்பர்ன் நகரின் செயின்ட் கில்டாவை எடுத்துக்கொள்வோம். டிராமில் வந்து இறங்கி நடந்தே கடலைத் தொட்டுவிடலாம். அங்கே கடலுக்குள் நீளும் பாலத்துறைக்கு வடமேற்கில், கட்டானி பூங்காவை ஒட்டி நீண்டு கிடக்கும் வெஸ்ட் பீச்சில் கைட் ஓட்டுபவர்கள் பல ஆண்டுகளாகக் கூடுகிறார்கள். தென்கிழக்கில் இருப்பது முதன்மைக் கடற்கரை. குடும்பங்களும் சுற்றுலாப் பயணிகளும் அங்கேதான் நிறைய. நடுவில் பாலத்துறையும், அதன் முனையில் சிறு பென்குவின்கள் கூடு வைத்திருக்கும் அலைத்தடுப்புச் சுவரும், அதன் மறைவில் படகுகள் நிற்கும் நீர்ப்பரப்பும் இருக்கின்றன.

கரை இங்கே தென்மேற்கைப் பார்த்திருக்கிறது. கோடையில் பிற்பகலில் எழும் கடல்காற்று தெற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வரும். தெற்குக் காற்று என்றால் கடலைப் பார்த்து நிற்பவரின் இடது கன்னத்தில் படும். ஓட்டுபவரை வலப்பக்கமாக, அதாவது வடமேற்கில் அடுத்துள்ள மிடில் பார்க் பக்கமாகத் தள்ளும். காற்றுக்கு எதிராக ஏறத் தெரியாதவர் அரைமணி நேரத்தில் மிடில் பார்க்கில் குளித்துக்கொண்டிருப்பவர்களுக்கு நடுவில் போய் நிற்பார். மேற்குக் காற்று வந்தால் கணக்கு தலைகீழாகிவிடும். காற்று போகும் பக்கத்தில் இப்போது பாலத்துறையும் பாய்மரக் கம்பங்களும் இருக்கும். கரை ஒன்றுதான், மணல் ஒன்றுதான். காற்று 90 பாகை திரும்பியதும் யார் யாருக்கு ஆபத்து என்பது மாறிவிடுகிறது. எனவே எந்தக் கடற்கரைக்குப் போனாலும் பையைத் திறப்பதற்கு முன்பு, காற்று போகும் திசையில் குறைந்தது 300 மீட்டர் நடந்து பாருங்கள். அங்கே யார் இருக்கிறார்கள், எங்கே கல் இருக்கிறது, தவறிப்போனால் எங்கே கரையேறலாம் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். செயலி காட்டும் அம்புக்குறி காற்றின் திசையைச் சொல்லும். அந்தத் திசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை நடந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

வடக்குக் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். கரையோர அடுக்குமாடிகளைத் தாண்டி வருவதால் துண்டுதுண்டாக, விட்டுவிட்டு அடிக்கும். மணலில் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். 100 மீட்டர் உள்ளே போனதும் தூக்கி எறியும். மீட்புப் படகு துணைக்கு இல்லாமல் அந்தக் காற்றில் இறங்கவே கூடாது.

கோடையில் மெல்பர்னுக்கே உரிய ஒரு நாள் உண்டு. காலையிலிருந்து உலர்ந்த வடக்குக் காற்று. வெப்பம் 40 டிகிரியை நெருங்கும். நகரமே கடற்கரைக்கு வந்துவிடும். பிற்பகலிலோ மாலையிலோ தென்மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று திடீரென்று புகும். சில நிமிடங்களில் வெப்பம் 10, 15 டிகிரி இறங்கும். 5 நாட் அடித்த காற்று 30 நாட்டைத் தொடலாம். கைட் ஓட்டுபவர்கள் பல பேர் காத்திருப்பது இந்த நேரத்துக்குத்தான். அதே நேரத்தில்தான் ஆயிரக்கணக்கானவர்கள் நீரிலிருந்து வெளியே வந்து, பறக்கும் குடையைத் துரத்தி, குழந்தைகளைத் தேடி, துண்டுகளைச் சுருட்டிக்கொண்டு வண்டிக்கு ஓடுவார்கள். மணலில் ஒருவர் பார்வையும் மேலே இருக்காது.

இந்த நேரத்தில் கைட்டை ஏற்றாதீர்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் இழுவை நாலு மடங்காகும். 15 நாட்டுக்கு எடுத்த 12 சதுர மீட்டர் கைட்டை 30 நாட்டில் யாராலும் அடக்க முடியாது. அரைமணி நேரம் பொறுத்திருந்தால் இரண்டு நன்மைகள். காற்று எந்த அளவில் நிலைகொள்கிறது என்று தெரிந்து சரியான கைட்டைத் தேர்ந்தெடுக்கலாம். குளிரில் கூட்டம் தானாகக் கலைந்து கரை காலியாகிவிடும். குளிப்பவர்களுக்கு வேண்டிய நேரமும் கைட்டுக்கு வேண்டிய நேரமும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. மோதல் எல்லாம் அந்த அரைமணி நேர இடைவெளியில்தான். வானிலை முன்னறிவிப்பில் காற்று மாறும் நேரம் சொல்லப்பட்டிருக்கும். அதைத் தெரிந்துகொண்டு அதற்குப் பிறகு வந்து சேர்வதே உத்தமம்.

கடற்கரையில் நடக்கும் மோசமான விபத்துகளில் பல, கைட்டை ஏற்றும்போதும் இறக்கும்போதும் மணலில் நடப்பவை. நீரில் விழுந்தால் நீர் தாங்கும். கரையில் மனிதரும் சுவரும் விளக்குக் கம்பமும்தான் தாங்க வேண்டியிருக்கும். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

காற்று கரைக்கு இணையாக வீசும் நாளில் லைன்களைக் காற்றுக்குக் குறுக்கே விரிப்போம். அதாவது கைட் நீரோரத்தில், ஓட்டுபவர் மேல்மணலில். நடுவில் கிடக்கும் 25 மீட்டரில் ஈரமணல் பகுதியும் அடக்கம். கால் புதையாமல் நடக்க வசதியான அந்த ஈரமணலில்தான் நடைப்பயிற்சிக்காரர்கள், நாயோடு வருபவர்கள், வாளி தூக்கி ஓடும் குழந்தைகள் எல்லோரும் போவார்கள். நீங்கள் விரித்த லைன் கணுக்கால் உயரத்தில் அவர்களுடைய பாதையை மறித்துக் கிடக்கிறது. ஏற்றலாம் என்று ஓட்டுபவர் பெருவிரலை உயர்த்தும் அந்த விநாடியில் நாலு வயதுக் குழந்தை ஒன்று குனிந்து லைனுக்கு அடியில் நுழைந்துவிட்டால், கைட் எழும் வேகத்தில் லைன் அதன் கழுத்துயரத்துக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு எதுவும் நம் கையில் இல்லை.

ஆகவே நகரக் கடற்கரையில் இரண்டு பேர் போதாது, மூன்று பேர் வேண்டும். ஒருவர் கைட்டைப் பிடிக்க, ஒருவர் ஓட்ட, மூன்றாமவர் லைனின் நடுப்பகுதியில் நின்று வருபவர்களைத் தடுக்க. மூன்றாமவர் கையை உயர்த்தி “வழி காலி” என்று சொன்ன பிறகுதான் பெருவிரல் உயர வேண்டும். லைன்களை முன்கூட்டியே விரித்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகக் கூடாது. ஏற்றுவதற்குச் சற்று முன்பு விரியுங்கள். இறக்கியதும் முதல் வேலையாகச் சுருட்டுங்கள். பாரில் சுற்றி வைத்த லைனால் யாருக்கும் கெடுதல் இல்லை. கைட்டை எப்போதும் நீர்ப்பக்கத்தில் ஏற்றி, ஏறியதும் தலைக்கு நேர் மேலே நிறுத்தி வைக்காமல் கடல் பக்கமாகத் தாழ்வாக வைத்துக்கொண்டு உடனே நீருக்குள் நடந்துவிடுங்கள். தலைக்கு மேல் நிற்கும் கைட் திடீர்க் காற்றில் ஆளைச் செங்குத்தாகத் தூக்கும். தாழ்வாகக் கடல் பக்கம் இருந்தால் இழுவையும் கடலை நோக்கியே இருக்கும். மணலில் நின்று கைட்டை ஆட்டிக் காட்டுவது வேடிக்கை பார்ப்பவர்களைக் கூட்டும். கூட்டம் கூடுவதும் காற்று போகும் பக்கத்தில்தான்.

எவ்வளவு இடைவெளி என்று கேட்டால், காற்று போகும் பக்கத்தில் குறைந்தது இரண்டு லைன் நீளம், அதாவது 50 மீட்டர். கூட்டமுள்ள நாளில் அதை 100 ஆக்குங்கள். அந்த இடம் கிடைக்கவில்லையா, நீங்கள் நகர வேண்டும். அங்கே உட்கார்ந்திருப்பவர்களை எழுப்பக் கூடாது. பேசித்தான் ஆக வேண்டும் என்றால் இப்படிப் பேசலாம். மணலில் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடும் குடும்பம் நம்மவர்களாகவே இருந்தால்:

“அண்ணா, காத்து உங்க பக்கமாத்தான் போகுது. கைட் விழுந்தா பசங்க மேல விழும். நான் இன்னும் நூறு மீட்டர் தள்ளிப் போய் ஏத்திக்கிறேன். திரும்பி வர்றப்போ மட்டும் அந்த ஓரத்துல கொஞ்சம் இடம் விட்டீங்கன்னா போதும்.”

“எப்ப வருவீங்க தம்பி?”

“ஒரு மணி நேரத்துல. தலையில கையைத் தட்டினேன்னா இறங்கப் போறேன்னு அர்த்தம்.”

எதற்காக, எவ்வளவு நேரம், எந்த இடம் என்று மூன்றும் தெரிந்துவிட்டால் பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியோடு உதவுவார்கள். தலையைத் தட்டுவது உலகெங்கும் கைட் ஓட்டுபவர்களுக்குத் தெரிந்த சைகை. கரையில் இருப்பவருக்கும் அதைச் சொல்லிவைத்தால் குழந்தைகளை அவரே விலக்கிவிடுவார். ஆனால் பழகாத ஒருவரிடம் கைட்டைப் பிடிக்கச் சொல்லாதீர்கள். நல்ல மனதோடு வந்து லைனைக் கையில் சுற்றிக்கொள்வார்கள்.

நீருக்குள் போனதும் நினைவில் வைக்க வேண்டியது வேகம். சாதாரணமாக ஓட்டுபவரே மணிக்கு 36 கிலோமீட்டர் போவார். விநாடிக்கு 10 மீட்டர். 18 நாட் காற்றில் நீர்ப்பரப்பு முழுக்க வெண்நுரையாக இருக்கும். அதில் நீந்துபவரின் தலை 30 மீட்டரில்தான் கண்ணில் படும் என்றால், பார்த்து, முடிவெடுத்து, திரும்ப 3 விநாடிதான் கிடைக்கும். விக்டோரியா மாநில விதிப்படி, நீரில் இருக்கும் ஆளிடமிருந்து 50 மீட்டருக்குள் 5 நாட் வேகத்தைத் தாண்டக் கூடாது. 5 நாட் என்பது மணிக்கு 9 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போர்டு நீர்மேல் எழாது, மூழ்கிவிடும். ஆக, நடைமுறையில் அந்த விதி நமக்குச் சொல்வது ஒன்றுதான்: குளிப்பவர் இருக்கும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் போகவே போகாதே.

ஐரோப்பாவில் இதையே வேறு விதமாகத் தீர்க்கிறார்கள். ஸ்பெயினில் மிதவை போட்டுப் பிரிக்காத கடற்கரைகளில் கரையிலிருந்து 200 மீட்டர் வரை குளிப்பவர்களுக்குரிய பகுதி. பிரான்சில் கரையை ஒட்டிய 300 மீட்டருக்குள் வேகம் 5 நாட்டுக்கு மிகக் கூடாது. கைட் ஓட்டுபவர்கள் மஞ்சள் மிதவைகள் எல்லை காட்டும் பாதையில் நேரே வெளியே போய், அதே பாதையில் திரும்புவார்கள். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. கைட் ஓட்டுபவர் விளையாடுவதற்கு அந்த 200, 300 மீட்டருக்கு வெளியே கடல் தாராளமாகக் கிடக்கிறது. கரையோரத்தில் அவருக்கு வேண்டியது போகவும் வரவும் ஒரு பாதை மட்டுமே. மிதவை போடாத கடற்கரையிலும் இதை நாமே கடைப்பிடிக்கலாம். ஏற்றிய இடத்திலிருந்து நேரே வெளியே போங்கள், 200 மீட்டருக்கு அப்பால் உங்கள் ஆட்டம், திரும்பும்போது அதே இடத்துக்கு நேரே வாருங்கள். கரையோரமாக, செல்பேசியில் படம் எடுப்பவர்களுக்கு அருகில் உயரமாகக் குதித்துக் காட்டுவதை அடியோடு விட்டுவிடுங்கள். குதிப்பவர் காற்று போகும் பக்கமாகப் பறந்து இறங்குகிறார். இறங்கும் இடத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பறக்கும்போது பார்த்துப் பயனில்லை.

ஹைட்ரோஃபாயில் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சத்தமே இல்லாமல் வரும். நீருக்கு அடியில் முக்கால் மீட்டருக்கும் அதிகமான தண்டும் அதன் முனையில் கூரான இறக்கையும் இருக்கும். ஆழம் வேண்டுமென்று நீங்கள் வெளியே போகும் அதே கோட்டில்தான் நெடுந்தூரம் நீந்துபவர்கள் கரைக்கு இணையாகப் போவார்கள். காலையிலும் மாலையிலும் அவர்களை எதிர்பாருங்கள்.

கைட் விழுந்து, காற்று போகும் பக்கத்தில் ஆள் இருந்தால், கைட்டின் இழுவையை விடுவிக்கும் குவிக் ரிலீஸை உடனே அழுத்துங்கள். முதல் கட்டத்தில் கைட் இழுவையை இழந்து ஒற்றை லைனில் படபடத்துக்கொண்டு, உங்களோடு பிணைத்திருக்கும் லீஷ் என்ற கயிற்றில் நிற்கும். இரண்டாம் கட்டமாக லீஷையும் கழற்றிவிட்டால் நீங்கள் தப்பிப்பீர்கள். கைட் நாலு லைன்களையும் இழுத்துக்கொண்டு கரையில் இருப்பவர்களை நோக்கிப் பறக்கும். காலியான கடலில் இரண்டாம் கட்டத்துக்குத் தயங்க வேண்டாம். கூட்டத்துக்கு எதிரே, உயிருக்கு ஆபத்து இல்லாதவரை, லீஷை விடாதீர்கள். இந்த இரண்டு கட்டங்களையும் கண்ணை மூடிக்கொண்டு செய்ய வரும்வரை நகரக் கடற்கரைக்கு வர வேண்டாம். காற்றுக்கு எதிராக ஏற வராதவர்களும் அப்படியே. அவர்களுக்குக் கோடை வார இறுதி உகந்த நேரமே இல்லை.

இனி குளிக்க வருபவர்களுக்கு. சிவப்பும் மஞ்சளும் உள்ள இரண்டு கொடிகளுக்கு நடுவில்தான் மீட்புக்காவலர்களின் கண் இருக்கும், அங்கே குளியுங்கள். கறுப்பும் வெள்ளையும் நாலு கட்டமாக உள்ள கொடி, அலைப்பலகைகளுக்கும் அதுபோன்றவற்றுக்கும் ஒதுக்கிய எல்லையைக் குறிக்கும். அந்தப் பக்கம் நீந்தாதீர்கள். தூரம் நீந்துபவர்கள் இடுப்பில் கட்டி இழுக்கும் ஆரஞ்சு நிற மிதவையை வாங்கிக்கொள்ளுங்கள். நுரைக்கு நடுவில் வெறும் தலையைவிட அது நன்றாகத் தெரியும். கைட் பக்கத்தில் விழுந்தால் அதைப் பிடித்துத் தர வேண்டும் என்று நினைக்காதீர்கள். லைனைத் தொடவே கூடாது. ஓட்டுபவரின் முதுகுப் பக்கம், காற்று வரும் பக்கம் போய்விடுங்கள். கைட்டால் எட்ட முடியாத பக்கம் அதுதான். மணலில் இறங்கிய கைட்டின் அருகில் குழந்தை ஓடினால் உடனே கூப்பிடுங்கள். மணல் சரிந்து, அடியில் காற்று புகுந்து, கைட் மறுபடி எழலாம்.

யாருக்காவது அடிபட்டுவிட்டால் முதலில் கைட்டை அடக்குங்கள். காற்று அடைத்த குழாய் காற்று வரும் பக்கம் பார்த்திருக்கும்படி துணியைக் கவிழ்த்துப் போட்டு, மேலே தாராளமாக மணலை வாருங்கள். பறக்கும் கைட்டோடு முதலுதவி செய்ய முடியாது. லைன் யார் மேலாவது சுற்றியிருந்தால் இழுக்காமல், ஹார்னஸில் (இடுப்புப் பட்டையில்) வைத்திருக்கும் கொக்கிக் கத்தியால் அறுத்துவிடுங்கள். லைன் போனால் வாங்கிக்கொள்ளலாம். வெட்டுக்காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். மீட்புக்காவலரை அழையுங்கள், ஆஸ்திரேலியாவில் அவசர எண் 000. தலையிலோ கழுத்திலோ முதுகிலோ அடி என்றால், நீரும் காற்றும் அவரை மேலும் இழுக்காதபடி பார்த்துக்கொண்டு, மருத்துவ உதவி வரும்வரை அசைக்காமல் வைத்திருங்கள். உங்கள் பெயரையும் எண்ணையும் கேட்பதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு மறுபடி கைட்டை ஏற்ற வேண்டாம். மறுநாள் நாலு லைன்களையும் விரல் நுனியால் தடவிக்கொண்டே முழு நீளத்துக்கும் நடந்து பாருங்கள். நார் பிரிந்த இடம் ஒன்று தட்டுப்பட்டாலும் அந்த லைனை மாற்றிவிட்டுத்தான் கடற்கரைக்குப் போக வேண்டும்.